பழைய வி-டெக்கில் ரோல் கேஜ் வைத்த அனுபவம்

கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்க, காருக்குள் வைக்கிற இரும்பு பைப் கூண்டுதான் ரோல் கேஜ். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பைப் என்ன சைஸ், மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். என் காருக்கு வேலை செய்த பட்டறைக்கார அண்ணன் கேட்டது வேறு: "சீட்டு வாங்கியாச்சுங்களா தம்பி? சீட்டையும் ஹெல்மெட்டையும் கொண்டாங்க. அதை வெச்சுத்தான் பைப்பே வளைக்கோணும்." கேஜ் வைக்க நினைக்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வதும் அதையேதான்.

கார், ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக், பழைய மாடல். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஓட்டவும், மண் தரையில் நேரம் பார்த்து ஓட்டுகிற ஆட்டோகிராஸ் போட்டியில் இறங்கவும் தயார் செய்தது. ரோட்டில் ஓட்டுகிற எண்ணம் இல்லை, டிராக்குக்கு லாரியில்தான் ஏற்றிப் போகிறேன். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஹெல்மெட் போடாத தலைக்குச் சில அங்குலம் தள்ளி ஓர் இரும்பு பைப் இருந்தால், சின்ன இடியிலேயே மண்டை அதில்தான் மோதும். வீட்டு ஆட்கள் ஏறி இறங்குகிற காருக்குக் கேஜ் வேண்டவே வேண்டாம். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தனி.

போல்ட் போட்டு மாட்டுகிற கேஜா, வெல்ட் செய்கிற கேஜா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். போல்ட் கேஜ் மட்டமானது இல்லை. ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட், 8.8 வலிமை கிரேடு, அடியில் சரியான தகடு என்று இருந்தால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியே அதை ஏற்றுக்கொள்கிறது. கழற்றி வேறு காருக்கு மாற்றவும் முடியும். ஆனால் கூரையையும் அதைத் தாங்குகிற பில்லரையும் ஒட்டிப் போகிற கேஜ் வேண்டும் என்றால் அந்தக் காருக்குள்ளேயே அளவெடுத்து வெல்ட் செய்வதுதான் வழி. ஆறு கால், டிரைவர் பின்னால் குறுக்குச் சட்டம், இரண்டு கதவிலும் எக்ஸ் வடிவச் சட்டம் என்று முடிவு செய்தேன்.

கோவையில் லேத்துக்கும் வெல்டருக்கும் பஞ்சமே இல்லை. கவனமாக இருக்க வேண்டியது பைப்பில்தான். கேட் செய்கிற ஜி.ஐ. பைப்பில் கேஜ் செய்து, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிற கார்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அம்சமாக இருக்கும், உள்ளே உட்கார எனக்குத் தைரியம் வராது. எஃப்.ஐ.ஏ. கேட்பது தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் பைப். இழுவலிமை குறைந்தது 350 நியூட்டன், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு. டிரைவருக்குப் பின்னால் வளைவாக நிற்கும் பெரிய சட்டமான மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், இல்லையென்றால் 50-க்கு 2. மற்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. கடையில் சி.டி.டபிள்யூ. பைப்பைக் காட்டி இதுவும் அதேதான் என்பார்கள். அது தகட்டைச் சுருட்டி வெல்ட் செய்து, அப்புறம் இழுத்தது. விரலை உள்ளே விட்டாலும் தையல் தட்டுப்படாது. அதனால் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்கினேன், ஒவ்வொரு பைப்பின் வாயிலும் வெர்னியர் வைத்துக் கனம் பார்த்தேன்.

வளைப்பதையும் கூடவே நின்று பார்க்க வேண்டும். பைப்பைச் சூடு காட்டாமல்தான் வளைக்க வேண்டும், வளைவின் ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைந்த இடம் நசுங்கி நீள்வட்டமானால் சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் 0.9-க்குக் குறையக்கூடாது. பிளம்பிங் பெண்டரில் வளைத்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் தேறாது. அந்த அண்ணன் பைப் அளவுக்கு ஏற்ற டை (வளைக்கிற அச்சு) வைத்திருந்தார். மெயின் ஹூப் நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே பைப்பில் வந்தது.

காரைப் பிரிப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை, நான் சுருக்கிக்கொள்கிறேன். சீட்டு, கார்ப்பெட், கூரைத் துணி, டேஷ்போர்டு எல்லாம் வெளியே. பேட்டரியையும், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வையும் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டேங்க்கை இறக்காமல் வெல்டிங் பக்கமே போகக்கூடாது. கண்ணாடியைக் கழற்றுங்கள் அல்லது நன்றாக மூடுங்கள், கிரைண்டர் பொறி பட்டால் கண்ணாடி முழுக்கப் புள்ளி விழும். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் மேல் ட்ரை ஐஸைப் பரப்பி, விறைத்ததும் சுத்தியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தப் புகை மூச்சை அடைக்கும்.

கேஜின் பலம் அது நிற்கிற இடத்தில் இருக்கிறது. காரின் தரை வெறும் மெல்லிய தகடு. பைப்பை நேராக அதன்மேல் நிறுத்தினால், கார் உருளும்போது ஈர மண்ணில் நாற்காலிக் கால் இறங்குவதுபோல் ஓட்டை போட்டுக்கொண்டு கீழே போய்விடும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பு. அட்டையில் வெட்டி, பொருத்திப் பார்த்து, தரையிலும் ஓரச் சட்டத்திலும் மடிந்து ஏறுகிற மாதிரி தகடு செய்தோம்.

நான் மிகவும் ரசித்தது கூரைப் பக்க வெல்டிங். பைப் கூரையை ஒட்டி நிற்கும்போது அதன் மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் எப்படிப் போகும்? பலர் எட்டுகிற வரை வெல்ட் செய்துவிட்டு மேலே விட்டுவிடுவார்கள். கூரையை அடைத்ததும் அது யாருக்கும் தெரியாது. அண்ணன் செய்தது இது: கால்களுக்கு அடியில் வரவேண்டிய பெட்டி மாதிரி மேடைகளை வைக்காமல் கேஜை டாக் வெல்டிங்கில், அதாவது அங்கங்கே புள்ளி வைத்த மாதிரி தற்காலிகமாக ஒட்டி, கட்டினார். மேடை இல்லாததால் மொத்தக் கேஜும் கீழே இறங்கி நின்றது, கூரைக்கும் பைப்புக்கும் நடுவே கை நுழைய இடம் கிடைத்தது. கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாகக் கையை விட்டு, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் முழுசாக வெல்ட் செய்தார். அப்புறம் நாலு பேர் சேர்ந்து கேஜை மேலே தூக்க, மேடைகளை உள்ளே தள்ளிக் கால்களை அதன்மேல் உட்கார வைத்தார். அந்த மூட்டுகளில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூட விடுபடவில்லை. உங்கள் வெல்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

வெல்டிங் முழுக்கக் கதவுகளை மூடி வைத்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செய்தார். ஒரே பக்கம் சூடேறினால் பாடி இழுத்துக்கொண்டு கதவு மூடாது.

கதவுச் சட்டம் இருந்தால் ஏறி இறங்கத் தொந்தரவு என்று சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் மார்க்கோ மார்ட்டினின் பெஜோ 307 பக்கவாட்டில் மரத்தில் மோதியது, கோ-டிரைவர் மைக்கேல் பார்க் அதில் இறந்துபோனார். உலக சாம்பியன்ஷிப் காரிலேயே பக்கத்திலிருந்து வரும் இடி அவ்வளவு கொடுமையானது. ஆளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் அந்தப் பக்கம் ஒரு கதவுதான் இருக்கிறது.

சீட்டை முதலில் வாங்கியதன் பலன் பெல்ட் கட்டும்போது தெரிந்தது. தோள் பட்டை சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கி இறங்கும் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, 10-க்குள் இருந்தால் நல்லது. சீட்டு உயரம் தெரிந்திருந்ததால் பெல்ட் கட்டும் குறுக்குச் சட்டம் சரியான உயரத்தில் வந்தது. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்து, எட்டுகிற பைப்புகளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஏ. 8857-2001 தரத்தில் பேடிங் போட்டோம். ஏ.சி. பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பான்ஜ் இதற்கு உதவாது, அழுத்தினால் விரலே பைப்பைத் தொடும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 38-க்கு 2.5 பைப் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ, 45-க்கு 2.5 என்றால் 2.6. மொத்த நீளத்தைக் கணக்குப் போட்டால் காரில் இன்னோர் ஆள் ஏறின மாதிரி ஆகிறது. கழற்றிப் போட்ட சீட்டுகளும் தார் ஷீட்டும் அதில் ஒரு பங்கை ஈடுகட்டின. ஓட்டும்போது பாடி முறுக்காமல் இருப்பது முதல் வளைவிலேயே தெரிகிறது, அதற்கேற்ப ஸ்பிரிங்கை மாற்றும் வேலை இன்னும் பாக்கி.

போட்டிக்குப் போகிறவர்கள் பைப் வாங்குவதற்கு முன்னால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அந்த வருட விதிகளைப் படித்துவிடுங்கள், பிரிவுக்குப் பிரிவு வேறுபாடு உண்டு. பழைய பெல்ட்டோ சீட்டோ வாங்கினால் லேபிளில் தேதி பாருங்கள், இரண்டுக்கும் காலாவதி உண்டு.