ஆர்க்கிட் இலையில் புள்ளி: மருந்துக்கு முன்னால் ஒரு மார்க்கர் பேனா

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் வீட்டு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இலைகளில் புள்ளிகள் வந்தன. சென்னையில் மேற்குப் பார்த்த ஜன்னல். பக்கத்துத் தொட்டியில் இருந்த டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிடிலும் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. நர்சரி அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன். "கார்பன்டசிம் அடிங்க மேடம், சரியாயிடும்" என்று உடனே பதில் வந்தது.

புள்ளி என்றாலே பலருக்கும் கை ஸ்ப்ரேயரைத் தேடுகிறது. கார்பன்டசிம் பூஞ்சைக்கான மருந்து. பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது, வெயில் சுட்ட இலைக்கோ எந்த மருந்தும் தேவையில்லை. அதனால் முதலில் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் கோடு போட்டு வைத்தேன். வளர்கிறதா, நிற்கிறதா என்பது தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மேல் இலை வளைந்து உயரும் இடத்தில் பெரிய கறை ஒன்று. வெளிறிய பழுப்பு நிறம், மொறமொறவென்று காய்ந்திருந்தது, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. மழைக்கு முன்பு சாயங்கால வெயில் நேராக விழுந்த இடம் அதுதான். கோட்டைத் தாண்டவே இல்லை. வெயில் காயம், ஆறாது, பரவவும் செய்யாது. அந்த இலையின் மீதிப் பச்சை செடிக்கு இன்னும் சோறு போடுவதால் வெட்டவில்லை. அடியில் ஒரு கிழட்டு இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது, அது வயசு.

பயமுறுத்தியது நடு இலையில் இருந்த சின்னப் புள்ளிதான். மறுநாள் காலையிலேயே கோட்டைத் தாண்டிக் குருத்துப் பக்கம் நகர்ந்திருந்தது. செல்போன் டார்ச்சை இலைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் பழுப்பு, அதைச் சுற்றி நீர் கோத்து, பஜ்ஜி வைத்த தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் ஒரு வளையம். ஆந்த்ராக்னோஸ் போன்ற பூஞ்சையாக இருந்தால் பெரும்பாலும் நுனியிலிருந்து தொடங்கி, வட்டத்துக்குள் வட்டமாகக் காய்ந்து, பொடிக் கறுப்பு மணிகள் தெரியும். இதில் அவை இல்லை. மோந்தும் பார்த்தேன். அழுகல் நாற்றம் அடித்தால் மென்னழுகல் என்ற பாக்டீரியா நோய், செடியை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். நாற்றமில்லை. அப்போ பாக்டீரியா பழுப்புப் புள்ளி என்று முடிவு செய்தேன். ஃபலனாப்சிஸுக்கு வளர ஒரே குருத்துதான். அதற்குள் நோய் இறங்கினால் பெரும்பாலும் செடி போச்சு.

ஸ்பிரிட்டில் துடைத்த புது பிளேடால், புள்ளிக்கு அப்பால் நல்ல பச்சையில் 2 செ.மீ. சேர்த்தே வெட்டினேன். வெட்டிய ஓரத்தில் சமையலுக்கு வைத்திருக்கும் இலவங்கப்பட்டைத் தூள் தடவினேன். வேரில் மட்டும் படக்கூடாது, காயவைத்துவிடும். மற்ற இலைகளுக்கு உரக்கடையில் வாங்கிய காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து, பாக்கெட்டில் போட்டிருந்த அளவுக்கு. டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் அதை வேறு அறைக்கு மாற்றிவிட்டுத்தான் அடித்தேன். சாரல் தெறித்துத்தான் இந்த பாக்டீரியா பரவுகிறது. அதனால் ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்து, காலையில் மட்டும் தண்ணீர், குருத்தில் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுப்பது, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். மருந்தைவிட ஃபேன்தான் அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு. வெட்டிய ஓரம் காய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

டென்ட்ரோபியத்தில் இருந்தது வட்டப் புள்ளி இல்லை, நரம்போடு ஓடும் மஞ்சள் கீற்றுகள். இலையின் அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் துடைத்தேன். சிலந்திப் பேன் இருந்தால் செம்பழுப்புக் கறை ஒட்டும், ஒட்டவில்லை. மிஞ்சுவது வைரஸ் சந்தேகம். சிம்பிடியம் மொசைக், ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி என்ற இரண்டு வைரஸ்களும்தான் ஆர்க்கிடில் அதிகம் காணப்படுபவை. மருந்து கிடையாது, வெட்டும் கருவி வழியாகவே அடுத்த செடிக்குப் போய்விடும். கண்ணால் பார்த்து உறுதி சொல்லவும் முடியாது, ஆய்வகச் சோதனைதான் வழி. அடுத்த பூவில் நிறம் திட்டுத்திட்டாக உடைந்து வந்தால் சோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் தூக்கிப் போட்டுவிடுவேன். அதுவரை தனி அறை, தனி பிளேடு.