உண்ணிக் காய்ச்சல் ஆய்வுக்கு நிதி கேட்பது: சிங்கப்பூரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

நாய்களின் நோய் பற்றிய ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதுபவர்கள் அறிவியல் பகுதியைச் செதுக்கிச் செதுக்கி எழுதுவார்கள். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் அங்கே அல்ல. "இத்தனை நாய்கள் எங்கிருந்து வரும்? கடைசி ரத்தப் பரிசோதனை வரை எத்தனை நிற்கும்?" என்ற இடத்தில்தான் அது விழுகிறது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் பாபீசியா கிப்சனை என்னும் ரத்த ஒட்டுண்ணிக்குத் தரப்படும் இரண்டு மருந்துமுறைகளை, வீட்டு நாய்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு எங்களுடையது. அதற்கு நிதி கேட்டு எழுதி முடித்த அனுபவத்தில், அடுத்து எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படக்கூடியவை கீழே.

முதலில், யாரிடம் கேட்பது. மனித நலத்தோடு நேரடித் தொடர்பு காட்ட முடியாத நோய் என்றால் உள்ளூர் ஆய்வு மானியங்களில் வாய்ப்பு குறைவு. கிப்சனை மனிதருக்குத் தொற்றும் நோயாகக் கருதப்படுவதில்லை, அதனால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். விலங்கு நலத்துக்கென்றே இருக்கும் அறக்கட்டளைகளில் பெரியவை அமெரிக்காவில் உள்ளன. 1948இல் தொடங்கிய மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் ஒன்று, 1995இல் தொடங்கிய ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) கேனைன் ஹெல்த் ஃபவுண்டேஷன் இன்னொன்று. இரண்டாவதில் இனவாரியான நாய்ச் சங்கங்கள் தங்கள் இனத்தைத் தாக்கும் நோய்க்கென்று பணம் ஒதுக்கிவைப்பதுண்டு. நம்மூர் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' கலப்பின நாய்க்கு அப்படிப் பரிந்து பேச அங்கே ஒரு சங்கமும் இல்லை. ஆகவே எல்லா இனங்களையும் தாக்கும் நோய் என்ற கோணத்தில் எழுதுவதே நல்லது. உண்ணி இனம் பார்த்துக் கடிப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க மதிப்பீட்டாளருக்கு கிப்சனை என்றதும் நினைவுக்கு வருவது பிட் புல் வகை நாய்கள். அங்கே அது பெரும்பாலும் நாய்ச் சண்டையில் கடிபட்டு ரத்தம் வழியாகப் பரவும் நோய். ஆசியாவில் இதை உண்ணியால் வரும் நோயாகவே பார்க்கிறோம். இந்த வேறுபாட்டை முதல் பக்கத்திலேயே சொல்லாவிட்டால், "சண்டை நாய்கள் இல்லாத ஊரில் இத்தனை நோயாளிகள் எப்படி?" என்ற சந்தேகத்தோடுதான் அவர் மீதியைப் படிப்பார். பருவம் மாறாத வெப்பம், ஆண்டு முழுவதும் உண்ணி, வேலி ஓரப் புல்லில் நடைபயிற்சி, காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்படும் நாய்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு மருந்துமுறையில் 85 விழுக்காடு நாய்களும் மற்றதில் 60 விழுக்காடும் குணமாகும் என்று எடுத்துக்கொள்வோம். அந்த வேறுபாட்டை 80 விழுக்காடு ஆற்றலோடும் (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 5 விழுக்காடு பிழை வரம்போடும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு) கண்டுபிடிக்க, ஒவ்வொரு மருந்துமுறைக்கும் 49 நாய்கள் வேண்டும். ஐந்தில் ஒன்று பாதியில் நின்றுவிடும் என்று வைத்தால் 62, இரண்டு முறைக்கும் சேர்த்து 124. இதே கணக்கில் 85க்கும் 75க்கும் இடையிலான வேறுபாட்டைத் தேடினால் ஒவ்வொரு முறைக்கும் 250 நாய்கள் வரை போகும். இந்தத் தீவில் அது நடக்காது. புள்ளியியலாளரை விண்ணப்பம் முடிந்த பிறகு கையெழுத்துக்காக அழைப்பது வீண். கேள்வியை அமைக்கும்போதே அவர் உடன் இருக்க வேண்டும், அவருடைய நேரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

சரி, அந்த 124 எங்கே? கிளினிக்குகளைக் கேட்டால் "வாரம் ரெண்டு மூணு உண்ணிக் காய்ச்சல் வரும்" என்பார்கள். அதை அப்படியே எழுதக் கூடாது. பதிவேட்டைத் திறந்து, இரண்டு ஆண்டுகளில் பிசிஆர் என்னும் மரபணுச் சோதனை மூலம் கிப்சனை என்றே உறுதியானவற்றை மட்டும் எண்ண வேண்டும். உண்ணி பரப்பும் மற்றக் கிருமிகளான எர்லிக்கியாவும் பாபீசியா வோகெலியும் பேச்சு வழக்கில் அதே 'உண்ணிக் காய்ச்சல்' பெயரில்தான் ஒளிந்திருக்கும். பிறகு ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு மோசமானவை, ஏற்கெனவே மருந்து தொடங்கியவை, மருந்துச் செலவைத் தாங்க முடியாமல் விட்டவை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதில் பாதிப் பேர் ஒப்புதல் தருவார்கள் என்று வைப்பதே தாராளம். மருத்துவ ஆய்வு தொடங்கிய மறுநாளே நோயாளிகள் காணாமல் போவார்கள் என்று மருந்தியலாளர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் கோல்டன் ரிட்ரீவர் வாழ்நாள் ஆய்வைப் பாருங்கள். அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு செல்லமான இனத்தில், 3,044 நாய்களைச் சேர்க்க 2012 முதல் 2015 வரை ஆனது.

கிளினிக்குகளிடம் வாங்கும் ஆதரவுக் கடிதத்திலும் இந்த எண் இருக்க வேண்டும். "இம்முயற்சியை மனமார வரவேற்கிறோம்" என்ற கடிதம் பத்து இருந்தாலும் ஒன்றுதான். "கடந்த ஆண்டு உறுதியான நோயாளிகள் இத்தனை, மாதம் இத்தனை பேரிடம் பேசுவோம், பேசும் பொறுப்பு இந்தப் பதவியில் இருப்பவருக்கு" என்ற கடிதம் ஒன்று போதும்.

மருந்துக் கணக்கைத் துளித்துளியாகப் போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் அதிகம் போவது அதில்தான். ஒரு பிரிவின் மருந்துமுறை இது: அட்டோவகுவோன் கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கூடவே அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் நாளுக்கு ஒரு முறை, பத்து நாள். 15 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிகிராம், முப்பது வேளைக்கு 6,000 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 150 மில்லிகிராம் உள்ள திரவ மருந்தில் அது 40 மில்லிலிட்டர். 210 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று ஐந்து நாய்களுக்குக் கொடுத்தும் கொஞ்சம் மிஞ்சும். 62 நாய்களுக்குப் பன்னிரண்டு பாட்டில் என்று கணக்கு சொல்லும். ஆனால் எடை கூடிய நாய், துப்பிய வேளை, மீந்துபோன அடிமருந்து எல்லாம் சேர்த்துப் பதினைந்து கேட்பதே பத்திரம். அட்டோவகுவோனோடு புரோகுவானில் என்ற இன்னொரு மருந்து கலந்த மாத்திரை எளிதில் கிடைக்கலாம். ஆனால் அது நாய்களுக்கு வாந்தியைக் கிளப்பும். எந்த வடிவ மருந்து என்று எழுதாமல் விட்டால் மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்பார்.

கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் அட்டோவகுவோன் உடலில் சேரும். அங்கே மினியேச்சர் ஷ்னாசர் குறுக்கே வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட இனம், கணைய அழற்சிக்குப் பேர்போன இனமும்கூட. கொழுப்பும் கூடாது, கொழுப்பில்லாமல் மருந்தும் ஏறாது. கணைய நோய் வரலாறு உள்ள நாய்களைச் சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மருந்து பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதால் வீட்டுக்காரருக்கு எந்தப் பிரிவு என்பதை மறைக்கவும் முடியாது. ஆய்வகத்துக்கு மட்டும் மறைக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்வது நல்லது.

எட்டு மணி நேர இடைவெளி என்றால் காலை 7, மாலை 3, இரவு 11. மாலை மூன்று மணிக்கு மருந்து கொடுப்பது யார்? பல வீடுகளில் பணிப்பெண். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட உரிமையாளர் அப்போது அலுவலகத்தில் இருப்பார். மருந்துக் குறிப்பேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் நடு வேளை தவறும், அதுவும் தவறியது யாருக்கும் தெரியாமலே தவறும். இந்தோனேசிய மொழி, தகாலோக், பர்மிய மொழி மூன்றிலும் ஒரு பக்கக் குறிப்பு, அளவுக்கோடு மையால் குறித்த ஊசியில்லா சிரிஞ்சு, கொடுத்ததும் கட்டத்தில் ஒரு கீறல் என்று ஏற்பாடு வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவு சின்னதுதான். அந்த வரியைப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு, இவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறார்கள் என்பது புரியும்.

ரத்தம் எடுப்பது நான்கு முறை: தொடக்கத்தில், பத்தாம் நாள் மருந்து முடியும்போது, மருந்து முடிந்த 60ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும். கடைசி இரண்டிலும் ஒட்டுண்ணி இல்லை என்று பிசிஆர் காட்டினால்தான் குணம் என்று சொல்ல முடியும். ஆய்வு சாவதும் இந்த இடைவெளியில்தான். பத்தாம் நாளில் நாய் துள்ளி ஓடுகிறது, ஈறு சிவந்திருக்கிறது. நலமாக இருக்கும் நாயை ஊசி போட மறுபடி யார் அழைத்து வருவார்கள்? சீனப் புத்தாண்டு வாரம் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் 60, 90ஆம் நாள் வருகைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதோடு, அந்த நாளில் முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையும் கையில் கிடைக்கும் என்று வைக்க வேண்டும். ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தேதி வாங்க வேண்டும். அவர் கிளினிக்கின் கால்நடைத் தாதியாக இருந்தால், அவர் மணிக்கணக்குக்கு ஊதியம் போட வேண்டும். அறிவியல் கருவிக்கு ஆயிரமாயிரம் கேட்கத் தயங்காதவர்கள் இந்த ஒரு ஆளுக்குக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எங்களைக் கேட்டால், பட்ஜெட்டில் கடைசியாக வெட்ட வேண்டிய வரி இதுதான்.

ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிலிட்டர் ரத்தம், உறையாமல் காக்கும் இடிடிஏ தடவிய ஊதா மூடிக் குழாயில். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் வந்தால் பிசிஆர் முடங்கும், எதிர்மறை என்று பொய்யாகக் காட்டும். பரபரப்பான சனிக்கிழமையில் குழாய் மாறுவது சகஜம், ஆகவே எண் ஒட்டிய குழாய்களைப் பையில் போட்டு ஆய்விலிருந்தே கொடுத்துவிட வேண்டும். 124 நாய்களுக்கு நான்கு குழாய் என்றால் 496. தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிசிஆர் தட்டில் அளவீட்டு மாதிரிகளும் வெற்றுச் சோதனைகளும் பதினாறு குழிகளை எடுக்கும். மீதி எண்பதில், இரட்டையாக ஓட்டினால் 40 மாதிரிகள். ஆகப் பதின்மூன்று தட்டுகள், மறுசோதனைக்கு இன்னும் இரண்டு. ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி மரபணுவில் எம்121ஐ என்ற மாற்றம் அட்டோவகுவோனுக்கு எதிர்ப்பைத் தருகிறது. எனவே குணமாகாத நாய்களின் முதல், கடைசி மாதிரிகளை வரிசையறிய அனுப்பும் செலவு தனி. வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போனால் உயிரியல் மாதிரிகளுக்கான யுஎன் 3373 வகைப்பாடு, மூன்றடுக்குப் பொதி, உலர் பனிக்கட்டிக்கு யுஎன் 1845 ஒட்டி, சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். உலர் பனிக்கட்டியைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் வெடிக்கும். கூரியர் அதைக் கண்டால் வாங்கவே மாட்டார்.

பட்ஜெட்டில் நம்மூருக்கே உரியவை சில. ஆய்வு உதவியாளர் சம்பளத்தோடு முதலாளி கட்டும் மத்திய சேமநிதிச் சந்தாவையும் சேருங்கள். 55 வயது வரை அது 17 விழுக்காடு. வேதிப்பொருள் விலைப்பட்டியலில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். செலவு சிங்கப்பூர் வெள்ளியில், மானியம் அமெரிக்க டாலரில், அதுவும் தவணை தவணையாக. இன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் இரண்டாம் ஆண்டில் கையைக் கடிக்கலாம், கொஞ்சம் தாழ்த்தியே போடுங்கள். பல்கலைக்கழகங்கள் கேட்கும் மேல்செலவு விழுக்காட்டை இத்தகைய அறக்கட்டளைகள் தருவதில்லை, அவற்றின் உச்சவரம்பு மிகக் குறைவு. மீதியை விட்டுக்கொடுப்பதாக ஆய்வு அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

அனுமதிகளில் முக்கியமானது, நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்பு, பயன்பாட்டுக் குழுவின் ஒப்புதல். விலங்குகளை அறிவியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கு 2004 முதல் இங்கே விதிகள் உண்டு. சொந்தக்காரர் உள்ள நாய், வெறும் ரத்தம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். ஒப்புதல் கடிதம் இல்லாமல் அறக்கட்டளை முதல் தவணையை விடாது, பிறகு கட்டுரையை வெளியிடும் ஆய்விதழும் கேட்கும். விண்ணப்பத்தோடு சேர்த்தே அதையும் தொடங்குங்கள். உரிமையாளரிடம் கேள்வித்தாள் கொடுத்தால் மனிதர் சார்ந்த ஆய்வு நெறிக் குழுவையும் கேட்க வேண்டியிருக்கும். நாயின் மைக்ரோசிப் எண் உரிமப் பதிவு வழியாக உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கும். தரவுத்தாளில் அதை வைக்காமல் ஆய்வுக் குறியீடு மட்டும் வையுங்கள்.

மானியம் தராத செலவுகளுக்கு நாய் வளர்ப்போரிடம் திரட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் பணம் எங்கே செலவாகிறது என்பதைப் பொறுத்து விதி மாறும். அறப்பணிக்கு நிதி திரட்டும் செலவு, வந்த தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நோக்கத்துக்கென்று பொதுமக்களிடம் கேட்டால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், பொதுவாக 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும். அமெரிக்க அறக்கட்டளைக்கு நேராக அனுப்பும் நன்கொடைக்கு இங்கே 250 விழுக்காடு வரிக்கழிவு கிடையாது. அது பொதுநல அமைப்பாக அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் நிறுவனத்துக்குத் தருவதற்கு மட்டும். ஆகவே அப்படி ஒரு நிறுவனத்தின் வழியாக, உள்ளூர் கிளினிக் வருகைகளுக்கு மட்டும் என்று குறுக்கித் திரட்டுவது சிக்கலில்லாதது.

முதல் சுற்றில் நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டுக் குறிப்புகளை வரி வரியாக எடுத்துப் பதில் எழுதுங்கள். "ஏற்றுக்கொள்கிறோம், எட்டாம் பக்கத்தில் மாற்றியுள்ளோம்" என்ற பதில் வேலை செய்யும். "மதிப்பீட்டாளர் புரிந்துகொள்ளவில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும் வேலை செய்யாது. குறிப்புகளில் அடிக்கடி வருவது, மருந்தில்லாப் பிரிவு ஏன் இல்லை என்பது. ரத்தச் சோகையில் தவிக்கும் நாயை மருந்தில்லாமல் விட முடியாது என்று ஒரே வரி போதும். விலங்கு நலனைத் தனியே பார்க்கும் குழுவும் உங்கள் பக்கம் நிற்கும்.

பணம் வந்த பிறகு முன்னேற்ற அறிக்கையில் 'சேர்த்த நாய்கள்' என்று ஒரே எண்ணைக் காட்டாமல், பேசியவை, தகுதி பெற்றவை, ஒப்புதல் தந்தவை, 60ஆம் நாள் வந்தவை, 90ஆம் நாள் வந்தவை என்று ஐந்து எண்களாகக் காட்டுங்கள். சேர்க்கை பின்தங்கினால், கூடுதல் பணம் கேட்காமல் காலநீட்டிப்பு மட்டும் கேட்கலாம். அதை ஒப்பந்தம் முடியும் தேதிக்கு நன்றாக முன்பே, இந்த ஐந்து எண்களையும் இணைத்துக் கேட்க வேண்டும். நீட்டிப்புக் காலத்துக்குத் தாதியின் மணிக்கணக்கு ஊதியம் மீதமிருக்கிறதா என்று கடிதம் அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.