செம்மேட்டிலிருந்து 12 கிலோமீட்டர்: நிற்கப்போகும் ஒரு மலை பஸ்

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 700 ரூபாய். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேட்டில் ஜீப்காரர் வாய் கூசாமல் கேட்ட தொகை. அதே தூரத்துக்கு பஸ் டிக்கெட் 10 ரூபாய். இந்த மாதக் கடைசியோடு அந்த பஸ் நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும். "அடுத்த மாசம் வந்தீங்கன்னா 800 சொல்லுவேன் சார், இப்பவே பார்த்துட்டுப் போயிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குறைந்தபட்சம் நேர்மையான ஆள்.

கொல்லிமலை என்றால் சென்னைக்காரர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அவ்வளவுதான். கார் எடுத்துக்கொண்டு போய், அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலான படி இறங்கி, ஏறும்போது மூச்சு வாங்கி, கால் வலியோடு திரும்பிவிடுவார்கள். மலைக்கு மேலே செம்மேட்டிலிருந்து பிரிந்து சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகும் பஸ் தடங்களை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கடைசி ஊரின் பெயரைப் போடவில்லை. டிரைவர், கண்டக்டர் தலை உருள வேண்டாம்.

முதலில் சென்னையிலிருந்து போகும் வழி. தெற்குப் புறநகரில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் 30-இல் திறந்ததிலிருந்து வடசென்னைக்காரர்களுக்குத் தென் மாவட்ட பஸ் என்றாலே தலைவலி. ராயபுரத்திலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ இரவில் ஆட்டோ பிடித்தால் பாதி டிக்கெட் காசு அங்கேயே கரைந்துவிடும். அதனால் ரயில்தான். சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் பாலக்காடு எக்ஸ்பிரஸ் சேலம் வழியாக நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஸ்லீப்பர் 300 ரூபாய்க்குள். விடியும் முன்பே இறக்கிவிடும் என்பதால் அலாரம் வைக்காமல் தூங்கினால் கரூரில்தான் கண் விழிப்பீர்கள். நாமக்கல்லில் 2024 முதல் முதலைப்பட்டியில் புதுப் பஸ் ஸ்டாண்டும் இயங்குகிறது. கொல்லிமலை வண்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள். இல்லையென்றால் ஆட்டோவுக்கு இரண்டு முறை அழ வேண்டும்.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளியில்தான் ஏற்றம் ஆரம்பம். இங்கே உட்காரும் இடம் முக்கியம். கடைசி சீட்டில் உட்காராதீர்கள். அது பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, ஒவ்வொரு வளைவிலும் அதுதான் அதிகமாக வீசும். வாந்தி எடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஐந்து பேர் சீட்டுக்காரர்கள்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், ஜன்னல் ஓரம், வயிறு முட்டச் சாப்பிடாமல், போனைப் பார்க்காமல் வந்தால் 70 வளைவும் சும்மா கடந்துவிடும். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வளைவில் டிரைவர் செய்வதைக் கவனித்தால் டிக்கெட் காசு அங்கேயே வசூல். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார், நடுவளைவில் கியர் போடும் பேச்சே கிடையாது. அங்கே கிளட்ச்சை மிதித்தால் வண்டி வேகம் செத்துப் பின்னால் உருளும், பிறகு அந்தச் சரிவில் எடுப்பதற்குள் கிளட்ச் பிளேட் கருகும் வாடை உள்ளே வரும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது பக்கம் திரும்பும் வளைவுதான் இறுக்கமானது. அதற்கு முன்பே வண்டியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய், எதிர்த்தடத்தை முழுவதும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே மடக்க முடியும். ஹாரன் அடிப்பது அதற்காக. எதிரே இறங்கி வரும் கார் வளைவுக்கு மேலேயே நின்றாக வேண்டும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அது விதி. வாடகைக்கு எடுத்த காரில் பெங்களூர், சென்னையிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வளைவின் வயிற்றுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, பிறகு பஸ் டிரைவரை முறைப்பார்கள்.

முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது, உள்பக்கம் வெட்டித்தான் வரும். வளைவின் உள்முனையில் மட்டும் தார் பெயர்ந்து ஜல்லி தெரிவது அதனால்தான். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு வெட்டு. மலைத் தடத்துக்கு நீளம் குறைந்த வண்டி வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். குட்டை வண்டி ரிப்பேருக்குப் போனால் டிப்போவிலிருந்து ஸ்பேராகச் சமவெளி வண்டி வரும். அன்றைக்கு ஒரே மடக்கில் திரும்பாத வளைவுகளில் கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊத வேண்டும். ரிவர்ஸ் எடுத்து, மறுபடி மடக்கி, நேரம் அரை மணி தள்ளிப்போகும். அரை மணி தள்ளினால் செம்மேட்டில் இணைப்பு வண்டி போயிருக்கும்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைப் பக்கமாக நம் கிளைத்தட பஸ். உட்காரவே இடமில்லாத நாளும் உண்டு, மூன்று பேர் மட்டும் போகும் நாளும் உண்டு. வழி முழுக்க சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் காபி, பலா, அன்னாசி. சாமை வயல் இப்போது தேடினால்தான் கிடைக்கிறது. கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்பார்கள்: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, குண்டூர்நாடு என்று. கண்டக்டர் கூவும் ஸ்டாப் பெயர்கள் பாதி எந்த மேப்பிலும் கிடையாது. ஆலமரம், பால் சொசைட்டி, பெரிய பாறை என்று மக்கள் வைத்ததுதான் ஸ்டாப்.

இரண்டு மூட்டை மிளகோடு ஏறிய ஒரு பாட்டிக்கும் கண்டக்டருக்கும் நடந்த வழக்கு:

"ஆயா, ரெண்டுக்கும் லக்கேஜ் போடணும்."

"போன வாரம் ஒண்ணுக்குத்தானே சாமி போட்ட?"

"போன வாரம் ஒண்ணுதானே ஆயா கொண்டாந்தீங்க."

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் ஒன்றுக்குத்தான் போட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'ஆள் இல்லாததால் பஸ் நிற்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தத் தடம் செத்தது பகலில் அல்ல, ராத்திரியில். முன்பு இது நைட் ஹால்ட் பஸ். இரவு எட்டரைக்குக் கடைசி ஊரில் போய் நிற்கும். காலை ஆறு மணிக்கு எடுத்தால் ஏழுக்குள் செம்மேடு, அங்கிருந்து கீழே இறங்கும் வண்டியைப் பிடித்தால் ஒன்பதரைக்கு நாமக்கல். ஆஸ்பத்திரி, கோர்ட், பத்திரப் பதிவு, காலேஜ் எல்லாவற்றுக்கும் அந்த ஆறு மணி வண்டிதான்.

மலையில் தங்கிய வண்டியைக் காலையில் உடனே எடுக்க முடியாது. பஸ் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; இரவில் அந்த டேங்க்கில் காற்று கசிந்து இறங்கியிருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, கேஜில் முள் ஏறும்வரை பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், காற்று ஏறாமல் பார்க்கிங் பிரேக்கே விடாது. பழைய வண்டிகள் இருந்த காலத்தில் பேட்டரி வீக்காக இருந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்து, காலையில் கல்லை எடுத்து உருட்டி ஸ்டார்ட் செய்வார்கள். இப்போதைய வண்டியில் அந்த வித்தை செல்லாது. அந்தப் பத்து நிமிஷ இன்ஜின் சத்தம்தான் ஊருக்கு அலாரம். சத்தம் கேட்டபிறகு எழுந்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு வந்து ஏற நேரம் சரியாக இருக்குமாம்.

ஹால்ட்டை ஏன் எடுத்தார்கள்? டிரைவரும் கண்டக்டரும் படுக்க இருந்த அறையில் ஓடு உடைந்து ஒழுகியது, கழிப்பறை கிடையாது. மார்கழிக் குளிரில் பஸ் சீட்டிலேயே படுத்திருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் டிப்போவில் அந்த டியூட்டிக்கு யார் கையெழுத்துப் போடுவார்? அவர்கள் மேல் தப்பே இல்லை. நாலு ஓடு மாற்றி ஒரு கழிப்பறை கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஹால்ட்டை எடுத்தார்கள்.

அப்புறம் எல்லாம் வரிசையாக நடந்தது. முதல் நடை ஊருக்கு ஒன்பதே காலுக்குத்தான் வந்தது. ஸ்கூல் மணி அடித்தபிறகு வரும் பஸ்ஸில் எந்தப் பிள்ளை ஏறும்? பிள்ளைகள் ஷேர் வண்டிக்குப் போனார்கள், அவர்கள் பின்னாலேயே மற்றவர்களும். வீட்டுக்கு ஒரு பைக் கடனில் வந்தது. கலெக்ஷன் விழுந்தது. விழுந்த கலெக்ஷனைக் காட்டி மாலை நடையையும் வெட்டினார்கள். இப்போது மிச்சம் பகலில் ஒரே ஒரு நடை, காலை பத்தரைக்குச் செம்மேட்டில் எடுப்பது. பத்தரைக்கு மலையில் எவனுக்கு பஸ் வேண்டும்?

கணக்கு இப்படி. போக வர 24 கிலோமீட்டர். சமதளத்தில் லிட்டருக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டி இங்கே 4-ஐத் தொடவே திணறும். 6 லிட்டர் டீசல், 550 ரூபாய்க்கு மேல். டிக்கெட் 10 ரூபாய் என்றால் டீசலுக்கு மட்டும் போக வர 55 பேர் காசு கொடுத்து ஏற வேண்டும். சம்பளம், டயர், பிரேக் லைனர் எல்லாம் தனி. லைனர் மலையில் சீக்கிரம் தேயும். ஆறு மணி வண்டி ஓடிய காலத்திலும் 50 பேர் ஏறினால் 30 பேருக்கு மேல் இலவச பாஸ் வைத்த பிள்ளைகள் என்கிறார் ஒரு பழைய கண்டக்டர். பாஸுக்கான தொகையை அரசு தனியாகக் கொடுக்கிறது, ஆனால் கண்டக்டர் பையில் அது தெரியாது. நின்றுகொண்டு வரும் அளவுக்குக் கூட்டம், பையில் 200 ரூபாய். ஆக, இந்தத் தடம் என்றைக்குமே லாபத்தில் ஓடியதில்லை. பையை எடை போட்டு மலை பஸ்ஸை முடிவு செய்வதாக இருந்தால் தமிழ்நாட்டில் ஒரு கிளைத்தடமும் மிஞ்சாது.

மினி பஸ் வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. வரட்டும். ஆனால் பத்தரைக்கு வரும் மினி பஸ்ஸும் இதே கதிக்குத்தான் போகும்.

கோபத்தில் சாப்பாட்டைச் சொல்ல மறந்தேன். செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் வந்தால் போனதே வீண். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம், பார்த்தால் அசல் ஆட்டுக்கால். கத்தியால் ரோமத்தைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும், மிச்சம் இருந்தால் தொண்டையில் உறுத்தும். உள்ளே இளம்பச்சை. நாலு பேருக்குக் கால் கிலோ போதும். துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு ஒன்றிரண்டாக நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கால்பங்கு சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி, கொத்தமல்லி தூவினால் சூப். மலை மிளகு என்பதால் காரம் தொண்டையில் இறங்கியபிறகுதான் தெரியும். ஒரு டம்ளர் 30 ரூபாய். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் நுனியைக் கிள்ளிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் புதுசு, நார் நாராக உரிந்தால் வாங்காதீர்கள். அடைத்த பிளாஸ்டிக் கவரில் வைத்தால் சென்னை வருவதற்குள் பூஞ்சணம் பிடிக்கும், துணிப் பையே நல்லது.

மாதம் முடிவதற்குள் போக நினைப்பவர்களுக்கு: கையில் 10, 20 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் 500-ஐ நீட்டினால் பாட்டு விழும். பத்தரை வண்டி கடைசி ஊரில் கால் மணிதான் நிற்கும், அதிலேயே திரும்பிவிடுங்கள். தவறவிட்டால் ஜீப் 700, அல்லது பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. மழை நாளில் மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் சென்னையிலிருந்து கிளம்பாதீர்கள். ரயில், இரண்டு பஸ், சாப்பாடு, சூப் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 ரூபாய்க்குள் முடியும். அறை எடுத்தால் அது தனிக் கணக்கு.

கடைசி ஊரில் பஸ் திரும்பும் இடம் ஒரு பலா மரத்தடி. கண்டக்டர் விசிலோடு இரண்டு ரிவர்ஸ், ஒரு மடக்கு. ஹால்ட் வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டி மண் கறுத்துக் கெட்டித்துப்போயிருக்கிறது. அதைச் சுற்றிப் புல் வளர்ந்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் இன்னும் இல்லை.