நத்தை ஆற்றுச் சப்பாத்து

மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய வருகையாளர் கையேடு பதினான்கு பக்கம். நான் படித்தது இரண்டு பக்கம். மீதிப் பன்னிரண்டையும் எங்கள் ஊர்தான் படித்தது.

2025 ஆகஸ்டில், நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில், தாய்மொழிக் கல்வி பற்றி ஒரு மாநாடு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்கு வல்லினம் மெல்லினம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னுடைய கட்டுரையும் எப்படியோ தேர்வாகிவிட்டது. கையேட்டை அச்செடுக்கலாம் என்றால் பள்ளி பிரிண்டரில் வழக்கம்போல் மை இல்லை. போட்டோஸ்டாட் கடையில் கொடுத்தேன். அங்கே ஒரு பிரதி கூடுதலாக விழுந்து, அது பக்கத்து ஒட்டுக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் காலை பசியாறப் போனால், என் உளுந்து வடைக்கு அடியில் ஒன்பதாம் பக்கம்.

"சார், ஏர்போர்ட்ல இறங்கினதும் ஸ்னாப்பர் வாங்கிக்கச் சொல்றான். இறங்கின உடனே மீன் எதுக்கு சார்?" என்றார் தே தாரே ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன்.

ஸ்னாப்பர் என்பது அந்த ஊர் பஸ் கார்டு. ஏறும்போது ஒருமுறை தட்ட வேண்டும், இறங்கும்போது ஒருமுறை தட்ட வேண்டும், ரயிலுக்கும் அதுவே செல்லும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் சேதி எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. மத்தியானம் அம்மா கேட்டார்: "ஈக்கான் மேரா அங்க கிலோ என்ன வெலையாம்?"

அடுத்து கேபிள் கார். மோட்டார் பட்டறைத் தம்பிக்குக் கெந்திங் மலைக்குக் கம்பியில் தொங்கிப் போன நினைவு. "சார், நடுவுல நின்னுட்டா கீழ பாக்காதீங்க, அவ்வளவுதான்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தான். வெலிங்டன் கேபிள் கார் எதிலும் தொங்குவதில்லை. 1902 முதல் தண்டவாளத்தில்தான் மலையேறுகிறது. நம் பினாங்கு கொடிமலை ரயிலுக்கு அக்கா முறை. சொன்னேன். "அப்புறம் எதுக்கு சார் அதுக்கு கேபிள்னு பேரு?" என்றான். கேபிள்தான் இழுக்கிறது, தம்பி. அவனுக்கு அதில் திருப்தி இல்லை.

அப்பா மட்டும் கையேட்டை ஒழுங்காக, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, நின்றவர், அச்சில் வந்ததை மதிப்பவர். நிலநடுக்கப் பக்கத்தில் வந்து நின்றார். நிலம் ஆடினால் கீழே குனி, மேசைக்கடியில் மறை, மேசைக்காலைப் பிடித்துக்கொள் என்று படம் போட்டிருந்தது. எழுந்து போய் எங்கள் பிளாஸ்டிக் மேசைக்கு அடியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். உள்ளிருந்தே சொன்னார்: "இதுல என்னய்யா இருக்கு? தொர ஜீப்பு வந்தா நாங்க செஞ்சதும் இதுதான்."

காற்றுப் பக்கத்தைத்தான் யாரும் நம்பவில்லை. வடக்குத் தீவுக்கும் தெற்குத் தீவுக்கும் நடுவில் குக் நீரிணை. மேற்கிலிருந்து வரும் காற்று முழுவதும் அந்தப் புனலுக்குள் நுழைந்துதான் வெலிங்டனைத் தாண்ட வேண்டும். ஆகவே குடை கொண்டுவர வேண்டாம், மழைக்கோட்டு கொண்டுவாருங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. "கொடை வேணாம்னு ஒரு ஊரு சொல்லுமா?" என்று அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுக் குடையே வாங்கி வைத்துவிட்டார்.

பெட்டி கட்டியதும் அவர்தான். முறுக்கு, நெத்திலி சம்பால், எலுமிச்சை ஊறுகாய். உணவுப் பொருள் எது கொண்டுவந்தாலும் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் என்று நான் படித்த இரண்டு பக்கத்தில் ஒன்றில் இருந்தது. (மற்றொன்று, மின்னணுப் பயண அனுமதிக் கட்டணத்தோடு சுற்றுலா வரியாக 100 டாலர் தனியாகக் கட்ட வேண்டும் என்ற பக்கம். பணம் சம்பந்தப்பட்டதை நான் தவறவிடுவதில்லை.) புறப்படும் முன் இணையத்தில் நிரப்பும் பாரத்தில் உணவு இருக்கிறதா? ஆம். கடந்த 30 நாளில் காட்டுக்கோ பண்ணைக்கோ போனீர்களா என்று அடுத்த கேள்வி. இதற்கு என்ன பதில் எழுதுவது? ஜன்னலைத் திறந்தால் செம்பனை. அதற்கு முன்னால் அதே இடத்தில் பால்மரம். நான் பிறந்ததே லயத்து வீட்டில். 'ஆம்' போட்டுவிட்டு மின்ரயில் ஏறினேன்.

கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து பத்து மணி நேரத்துக்கு மேல். இறங்கிப் பெட்டியை எடுத்து நான்கு அடி வைத்திருப்பேன். காது தொங்கிய குட்டை நாய் ஒன்று, முதுகில் சின்ன மேலங்கி போட்டுக்கொண்டு வந்தது. மோந்தது. என் பெட்டிக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. குரைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பள்ளிக்கு வரும் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாரே, அந்த உட்காரல்.

அதிகாரியம்மா கையுறை மாட்டினார். முறுக்கு போகலாம். ஊறுகாய் போகலாம். சம்பால் மூடியைத் திறந்தார், மூக்கைச் சற்றுப் பின்னால் எடுத்தார், மூடினார், போகலாம். பிறகு என் குளிர்காலுறை ஒன்றை எடுத்தார். அது கனமாக இருந்தது. உள்ளே கை விட்டார். தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் சுற்றி, மேலே ரப்பர் வளையம் போட்டு, பச்சைப் பசேலென்று ஒரு கைப்பிடி கறிவேப்பிலை! எங்கள் வீட்டுக் கொல்லை மரத்தது. பறித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும், காம்புகூடச் சுருங்கவில்லை.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லை அவர் உலகின் எல்லா மொழியிலும் தினமும் கேட்டிருப்பார் போல. லேசாகச் சிரித்தார். பாரத்தில் உணவுக்கு 'ஆம்' போட்டிருந்ததால் அபராதம் தப்பியது. கறிவேப்பிலை மட்டும் தொட்டிக்குப் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். சப்பாத்தைக் கவனித்துவிட்டார். பள்ளித் திடலுக்கும் தோட்டத்துக்கும் போட்டுப் பழகிய சப்பாத்து. அடியில் செம்மண் அப்பிக் கிடந்தது.

"இந்த மண் எந்த ஊர்?"

"சுங்கை சிப்புட்."

"அழகான பெயர். என்ன பொருள்?"

வாத்தியார் புத்தி எங்கே போகும்? யாராவது பொருள் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். "சுங்கை என்றால் ஆறு. சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆறு" என்றேன், ஆதியோடு அந்தமாக.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நத்தையும் அதன் முட்டையும் வெளியிலிருந்து உள்ளே வந்துவிடக் கூடாது என்று இந்த அம்மாவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. நானோ நத்தை ஆற்று மண்ணைக் காலில் பூசிக்கொண்டு வந்து, பெயர் விளக்கமும் கொடுத்திருக்கிறேன். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து அடிப்பகுதியின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஆராய்ந்தார். பிறகு இரண்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். காலுறையோடு நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சப்பாத்து வெள்ளை நிறம் என்பதை நான் அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன்.

ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஒரு மணி நேரம். அங்கே விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை, இரண்டு முனையிலும் கடல். காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல் புடைத்தது. கையேட்டில் எழுதியிருந்த எல்லாமே உண்மை என்ற ஞானம் எனக்கு அந்த உயரத்தில் வந்தது. தண்டவாளத்தில் ஓடும் கேபிள் கார் உண்மை. குழாயிலேயே குடிக்கலாம் என்றது உண்மை. ஆழிப்பேரலை வந்தால் எதுவரை ஓட வேண்டும் என்று கடலோரப் பேட்டைகளில் சாலையின் குறுக்கே நீலக்கோடு போட்டிருப்பார்கள் என்றது உண்மை. அம்மாவின் பத்து வெள்ளிக் குடை நான்கு நிமிடம் உழைத்தது. தெருமுனைக் குப்பைத் தொட்டியில் ஏற்கனவே இரண்டு குடைகள் கம்பியை நீட்டிக்கொண்டு கிடந்தன. மூன்றாவதாக அதையும் வைத்தேன், உறவினர் பக்கத்தில் அடக்கம் செய்த மாதிரி.

ஒரு தடவைதான் கையேடு என்னை ஏமாற்றியது. மாலை ஐந்து மணிக்கு லாம்டன் படகுத்துறையில் கூடுவோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் வங்கி, துணிக்கடை, காப்பிக்கடை. படகும் இல்லை, துறையும் இல்லை. கடைசியில் ஒரு போலீஸ்காரரிடம் "கடல் எங்கே?" என்று கேட்டேன். தலைநகரில் நின்றுகொண்டு கடலைத் தொலைத்தவனை அவர் பரிவோடுதான் பார்த்தார். ஒரு காலத்தில் கரை அங்கேதான் இருந்ததாம். 1855 நிலநடுக்கத்தில் தரை மேலே எழும்பி, பிறகு கடலையும் தூர்த்து, பெயர் மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ரப்பர் மரமே இல்லாத தாமானுக்கு (குடியிருப்புக்கு) ரப்பர் தோட்டப் பெயர் இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

மாநாடு நன்றாக நடந்தது. என் கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம், கேள்வி இரண்டு. அதைவிட எனக்கு ருசித்தது பக்கத்து இருக்கையில் இருந்த, அந்நாட்டுப் பூர்வகுடியான மவோரி ஆசிரியை சொன்னவை. 1982இல் அவர்கள் தொடங்கிய 'மொழிக் கூடு' என்ற மழலையர் பள்ளியில், பாட்டிமார் வந்து பிள்ளைகளோடு தங்கள் மொழியிலேயே பேசிக்கொண்டிருப்பார்களாம். நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, கட்டுரையும் எழுதவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஓய்வு. தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெளிநாட்டவருக்கு நுழைவு 35 டாலர், நம் காசில் 90 வெள்ளிக்குப் பக்கம். உள்ளே போனதும் ராட்சதச் சோத்தோங் (கணவாய்) ஒன்று பிடித்துக்கொண்டது. 2007இல் அண்டார்டிகா பக்கம் மீன்பிடித் தூண்டிலில் வந்தது, 495 கிலோ. அதைச் சம்பால் வைத்தால் எத்தனை மூட்டை வெங்காயம் வேண்டும், எங்கள் மாரியம்மன் கோயில் அண்டா போதுமா என்று யோசித்து யோசித்து நேரம் போய்விட்டது. ஆறு மணிக்கு மூடிவிட்டார்கள்.

அன்றிரவு விருந்தில் அந்த ஆசிரியை கேட்டார்: "உங்கள் மணியைப் பார்த்தீர்களா?"

"என் மணியா?"

"தமிழ் மணி. தே பாப்பாவினுடையதுதானே."

கைப்பேசியில் படத்தை எடுத்துக் காட்டினார். பதின்மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வெண்கல மணி, அடிவிளிம்பு சிதைந்தது. அதன் உடம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து, பழைய வடிவத்தில். முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று படித்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் எப்போது, எப்படி அவ்வளவு தெற்கே போனது என்று யாருக்கும் தெரியாது. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வாங்காரெய் பக்கம் அதைப் பார்த்தபோது, மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து அடுப்பில் வைத்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம்.

அறைக்கு வந்ததும் வீட்டுக்கு அழைத்தேன். அங்கே நான்கு மணி நேரம் பின்னால், அம்மா சீரியலுக்கு முந்திய நல்ல மனநிலையில் இருந்தார். மணிக் கதையைச் சொன்னேன்.

"நீ பாத்தியா?"

"இல்லம்மா. சோத்தோங்தான் பாத்தேன்."

"தொண்ணூறு வெள்ளி குடுத்து சோத்தோங்கா? நம்ம பாசார்ல கிலோ என்ன வெலைன்னு தெரியுமா ஒனக்கு?"

பேச்சை மாற்றுவதற்காகக் கறிவேப்பிலை போன கதையைச் சொன்னேன். தவறான முடிவு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"அப்போ அந்தப் பொம்பளைங்க நம்ம மணியில கெழங்கு அவிச்சாங்களே, கறிவேப்பிலை இல்லாம அத எப்பிடிடா தின்னாங்க?"