ஈக்யூவைத் தொடும் முன் மைக்கை நகர்த்திப் பார்த்தது

அக்கூஸ்டிக் கிட்டார் பதிவில் ஜி கார்ட் வரும்போதெல்லாம் ஒரே குமுறல். மைக் கார்டியாய்டு வகை கன்டென்சர், அதாவது முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் நுட்பமான மைக். கிட்டாரின் வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்கு நேரே ஒரு சாண் தள்ளி இருந்தது. குமுறாமல் என்ன செய்யும்? கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான் அதிரும். தடித்த தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) பிறக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். போதாததற்கு, கார்டியாய்டு மைக் நெருங்க நெருங்க அடிச் சுரங்களைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும்.

முதலில் ஈக்யூவில், அதாவது ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியில், 100 ஹெர்ட்ஸை 6 டெசிபல் இறக்கினேன். குமுறல் போனது, கூடவே கிட்டாரின் சதையும் போனது. வெட்டைக் குறுக்கினால் ஜி மட்டும் பம்மி, பக்கத்து ஏ சுரம் துருத்திக்கொண்டு நின்றது.

சரி என்று ஈக்யூவை அணைத்துவிட்டு, மைக்கை 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே 30 சென்டிமீட்டரில் வைத்தேன். ஜி அடங்கிவிட்டது, மற்ற சுரங்கள் மெலியவில்லை. தந்தியில் விரல் வழுக்கும் கீச்சு மட்டும் கூடுதலாகக் கேட்டது. இருந்த இடத்திலேயே மைக்கின் முகத்தைக் கொஞ்சம் திருப்பியதும் அது மட்டுப்பட்டது; பக்கவாட்டில் வரும் உச்ச ஒலிகளை இவ்வகை மைக் குறைத்தே வாங்கும்.

என்னைப் படுத்தியது மேசைதான். வாசிப்பு ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மேசையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியைவிட 34 சென்டிமீட்டர் அதிகம் பயணித்தால் 1 மில்லி செகண்ட் பிந்தும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து, 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலியில் பள்ளம் விழும். ஈக்யூவில் எதை நிரப்புவது? உடம்பு லேசாக ஆடினாலே பள்ளங்களும் இடம் மாறுகின்றன. நாற்காலியை மேசையை விட்டுத் தள்ளிப் போட்டேன், குழாய்ச் சத்தம் காணாமல் போனது.

ஒரு மீட்டர் தள்ளியும் வைத்துப் பார்த்தேன். தூரம் இரட்டிக்கும்போது நேர் ஒலி 6 டெசிபல் வரை விழுகிறது, அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கிறது. அந்த அறையை எந்தக் குமிழைத் திருகியும் கழிக்க முடியாது.

இப்போது ஈக்யூவில் மிச்சமிருப்பது 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு வெட்டு மட்டும். கிட்டாரின் கடைசிச் சுரமே 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு அடியில் இருப்பது மின்விசிறி உறுமலும் காலடியும்தான். குரல் சேர்க்கும்போது 250 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு வெட்டு தேவைப்படலாம்.