சிப் சாகல, மேல இருந்த பூச்சுதான் செத்துச்சு: ஜூனோ-106 அப்டேட்

என் ஜூனோ-106 சிந்தசைசர்ல (எலக்ட்ரானிக் கீபோர்டு) ஆறு வாய்ஸும் வந்துருச்சு மக்களே! வாய்ஸ்னா ஒரு நோட்ட வாசிக்கற தனி சர்க்யூட். ஒரு சிப் கூட புதுசா வாங்கல. மொதல்லயே பெருமையடிச்சுக்கறேன், ஏன்னா "அந்த சிப்பெல்லாம் போயே போச்சு, ஆறையும் செட்டா மாத்து, இல்லன்னா பார்ட்ஸுக்கு வித்துரு"ன்னு சொன்னவங்க கொஞ்சநஞ்சம் பேரில்ல. அவங்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் இந்த போஸ்ட்டே.

செட்டு என்னன்னு தெரியாதவங்களுக்கு, ரோலண்ட் ஜூனோ-106, 1984 மாடல், ஜப்பான் பீஸ். அங்க வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டு வந்தது, அவரு வீட்ல பரண்ல கெடந்துச்சு. பாடி நல்லா இருந்துச்சு, கீ எல்லாம் நேரா இருந்துச்சு, ஆனா நாலாவது வாய்ஸ் அவுட்டு, ரெண்டாவது வாய்ஸ் மழையில நனைஞ்ச ஸ்பீக்கர் கணக்கா கரகரன்னு கத்துது. ஆறு வாய்ஸையும் சுத்தி சுத்தி வரிசையா குடுக்கற மெஷின்ங்கறதால சங்கராபரணம் ஆரோகணம் வாசிச்சா ச ரி க வரும், அப்புறம் ஒரு ஓட்டை, நேரா ப. எந்த வாய்ஸ்ல ஆரம்பிக்கறோம்ங்கறத பொறுத்து ஓட்டை வேற ஸ்வரத்துக்கு நகந்துடும். பக்கத்து ஃப்ளாட்ல பாட்டு கத்துக்கற பொண்ணு வந்து கேட்டுட்டு "அங்கிள், இது என்ன ராகம்"னு சீரியஸாவே கேட்டுச்சு.

எந்த வாய்ஸ்னு கண்டுபிடிக்கறது சுலபம், கீ ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி புடிச்சுக்கிட்டே ஆன் பண்ணினா டெஸ்ட் மோடுக்கு போயிரும், அதுல ஒவ்வொரு நோட்டுக்கும் எந்த வாய்ஸ் பாடுதுன்னு டிஸ்ப்ளேல நம்பர் வரும். ஒண்ணே ஒண்ணு, கோரஸ (சவுண்ட அகலமாக்கற எஃபெக்ட்) ஆஃப் பண்ணிட்டு கேளுங்க. அந்த கோரஸ்ல எம்என்3009ங்கற டிலே சிப் ரெண்டு உக்காந்துக்கிட்டு எல்லா குறையையும் மெழுகி மறைச்சுரும், அதோட இரைச்சல் வேற. கோரஸ் ஆன்ல இருக்கறப்ப வர்ற ஸ்ஸ்ஸ்ங்கற சத்தம் ரிப்பேர் இல்ல, பொறவிக்குணம், அத சரி பண்றேன்னு எறங்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். வாய்ஸுக்கு ஒண்ணுன்னு ஆறு 80017ஏ மாட்யூல் இருக்கு. பார்த்தா கருப்பா ஒரு சிப் மாதிரி இருக்குமே ஒழிய அது சிப்பே இல்ல, ஒரு குட்டி போர்டு. ஃபில்டரும் விசிஏவும் (சத்த அளவ கட்டுப்படுத்தற ஆம்ப்) அதுலயே பொடிப்பொடி பார்ட்ஸா உக்காந்திருக்கும், அந்த மொத்தத்தையும் கருப்பு எபாக்ஸில முக்கி எடுத்திருக்காங்க. நாப்பது வருஷத்துல அந்த பூச்சு கெட்டுப்போயி லேசா கரண்ட் கடத்த ஆரம்பிச்சுரும். ஃபில்டர் பகுதியில ஓடற கரண்ட்டே ரொம்ப துளியூண்டு, அதுக்கு பக்கத்துல இப்படி ஒரு கசிவு இருந்தா வாய்ஸ் கம்மும், கரகரக்கும், இல்ல கைய எடுத்தப்புறமும் ஈஈஈன்னு இழுத்துக்கிட்டே இருக்கும். ரோலண்ட்காரங்கள குத்தம் சொல்ல இதுல எதுவுமில்ல, இத்தன வருஷம் ஒரு பிசின் தாக்குப்பிடிச்சதே பெருசு. நான் சொல்ல வர்றது என்னன்னா, நெறைய கேஸ்ல உள்ள இருக்கற பார்ட்ஸ் ஜம்முனு இருக்கு, சட்டைதான் கிழிஞ்சிருக்கு. அதனால சட்டைய கழட்டிட்டு பாருங்க, அப்புறமா காசு செலவு பண்ணலாம்.

புது மாட்யூல் நல்லாருக்காதுன்னு சொல்லல. ஆஸ்திரேலியாவுல அனலாக் ரினைசான்ஸ்னு ஒரு ஆளுங்க இதே சைஸ்ல செஞ்சு விக்கறாங்க, போட்டவங்க எல்லாருமே நல்லதாத்தான் சொல்றாங்க. ஆனா ஆறு பீஸு வெல, அதுக்கு மேல கூரியர், அதுக்கு மேல கஸ்டம்ஸ்னு கணக்கு போட்டா தல சுத்துது. போன வருஷம் வேற ஒரு சாமானுக்கு கஸ்டம்ஸ்ல மாட்டி, "இது எதுக்கு யூஸ் ஆகுது"ன்னு லெட்டர் எழுதிக் குடுத்து, சாமான் வெலைய விட அலைச்சல் ஜாஸ்தியாயி, அந்த கதைய இன்னொரு நாள் சொல்றேன்.

கழட்டறது. இங்கதான் நெறைய பேரு போர்ட காலி பண்றாங்க. பழைய போர்டு, செம்புத் தடம் சூடு தாங்காது, கொஞ்சம் அழுத்தினாலும் பேத்துக்கும். பழைய ஈயத்து மேல புது 60/40 ஈயத்த தாராளமா வெச்சு, ஃப்ளக்ஸ் தடவி, அது நல்லா எளகினதுக்கு அப்புறம் பம்ப்ப வெச்சு உறிஞ்சணும். காலு ஓட்டைக்குள்ள லூஸா ஆடுதான்னு ஊசியால ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்துட்டு மட்டும்தான் மேல இழுக்கணும். ஒரு காலு ஒட்டிக்கிட்டிருந்தாலும் இழுக்காதீங்க. 25 வாட் சோல்ட்ரான் போதும், பெரிய ஸ்டேஷன் எல்லாம் இருந்தா சந்தோஷம்.

ஆறையும் கழட்டணுமா, கெட்டத மட்டுமா? ஆறையும்தான். ஒரே வயசு, ஒரே பூச்சு, இன்னிக்கு ரெண்டு போயிருந்தா அடுத்த வருஷம் மூணாவது போவும், ஒவ்வொரு தடவையும் போர்ட கழட்டி மாட்டறதுல இருக்கற ரிஸ்க்கு வேற. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் வாய்ஸ் நம்பர எழுதி வெச்சுருங்க, பூச்சு மேல எழுதினா அசிட்டோன்ல போயிரும், அதனால கால்ல சின்னதா வேற வேற கலர் கம்பிய சுத்தி வெச்சேன்.

அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர் வேலைக்காகாது, அதுல தண்ணி, எண்ண, சென்ட்டு எல்லாம் கலந்திருக்கும். சுத்தமான அசிட்டோன் லேப் கெமிக்கல் விக்கற கடையில அர லிட்டர் பாட்டிலா கெடைக்கும், நான் பாரிமுனை பக்கம் வாங்கினேன், எதுக்குன்னு கேட்டான், "சிந்தசைசர ஊற வைக்க"ன்னு சொன்னதுக்கு மேலயும் கீழயும் பார்த்துட்டு பில்லு போட்டான். பாட்டில் கண்ணாடியாத்தான் இருக்கணும். பிளாஸ்டிக் டப்பா சிலது கரையும், சிலது கரையாது, அந்த ஆராய்ச்சி நமக்கெதுக்கு. ஜாம் பாட்டில் எடுத்து, மூடிக்கு உள்பக்கம் அலுமினியம் ஃபாயில் வெச்சு இறுக்கி மூடிட்டேன், இல்லன்னா நம்ம ஊரு வெயிலுக்கு காலையில பார்த்தா பாதி ஆவியாயிருக்கும். கிச்சன்லயோ சாமி ரூம்லயோ வெக்கவே வெக்காதீங்க, ஒரு விளக்கு போதும், குப்புன்னு புடிச்சுக்கும். நான் பால்கனி நெழல்ல வெச்சேன். அதுக்கே அம்மா, "ஏன்டா வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது, யாருக்கு ஆப்பரேஷன்"னு கேட்டாங்க.

எவ்வளவு நேரம் ஊறணும்? வேகவெச்ச உருளைக்கிழங்கு தோல் மாதிரி ஒரே நாள்ல உரிஞ்சு வந்துரும்னு வீடியோல காட்டுவாங்க, நம்பாதீங்க, அது எடிட்டிங். மொத நாள் ஒண்ணுமே ஆவாது. கல்லு மாதிரி கெடக்கும், நமக்கு சந்தேகம் வந்துரும், கடைக்காரன் தண்ணிய குடுத்துட்டானோன்னு தோணும். ரெண்டாம் நாள் ஓரத்துல லேசா வீங்கி ஒரு வெடிப்பு விடும். அந்த வெடிப்ப பார்த்ததும் கை அரிக்கும் பாருங்க, அங்கதான் கன்ட்ரோல் வேணும். அப்ப நோண்டினா பூச்சோட சேந்து உள்ள இருக்கற பொடி ரெசிஸ்டரும் பேந்து வந்துரும், அது கீழ விழுந்தா தேடியும் கெடைக்காது, எந்த வேல்யூன்னும் தெரியாது. திரும்ப பாட்டில்ல போட்டு மூடிருங்க. எப்ப பூச்சு தானா செதில் செதிலா விட்டு அடியில கருப்பு மண்டியா சேருதோ அப்பதான் வெளிய எடுக்கணும், சிலது மூணு நாள்ல வரும், சிலது அதுக்கு மேலயும் அடம் புடிக்கும். நடுவுல பழைய அசிட்டோன கொட்டிட்டு புதுசு ஊத்தினா வேகம் கூடுது, மண்டி சேந்த அசிட்டோன் சோம்பேறி ஆயிடுது.

நோண்டறதுக்கு பிளேடு, ஸ்க்ரூ ட்ரைவர், ஊசி எதுவும் ஆகாது. நான் ட்ரை பண்ணதுலயே பெஸ்ட்டு ஊதுவத்தி எரிஞ்சு முடிஞ்சப்புறம் மிஞ்சுற மூங்கில் குச்சி. நுனிய சாய்வா சீவிக்கணும். அசிட்டோன்ல ஒண்ணும் ஆவாது, பார்ட்ஸ கீறாது, கொஞ்சம் அழுத்தினா குச்சிதான் வளையுமே தவிர எதையும் பேக்காது. பல் குத்தற குச்சி சீக்கிரம் நுனி பிஞ்சிடுது. பெரிய ஐசிய சுத்தி இருக்கறத கடைசியா எடுக்கணும், அதோட காலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்கற கருப்ப பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு இடுக்கா எடுக்கணும், அங்க விட்டா கசிவும் அங்கயே இருக்கும். ரெண்டாம் நம்பர் சிப்புல நான் அதிக நேரம் செலவு பண்ணது இந்த இடுக்குலதான், பாதி சனிக்கிழமை அதுக்கே போச்சு, கழுத்து இன்னும் வலிக்குது. எல்லாம் வந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல கழுவி, முழுசா காய விட்டு, அப்புறம்தான் போர்டுல. திரும்ப மேல ஏதாவது பூசணுமான்னு சிலர் கேக்கறாங்க, நான் பூசல, பூச்சால பட்ட பாடு போதும்.

நேரா ஈயம் வெக்காம ரவுண்ட் பின் ஐசி பேஸ (சிப்ப சொருகற சாக்கெட்) வரிசையா வெட்டி போட்டுட்டேன். நாளைக்கு எது போனாலும் கையால புடுங்கி மாத்திக்கலாம், போர்டுக்கு திரும்ப சூடு காட்ட வேணாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதா ஐசி பேஸத்தான் மொதல்ல நீட்டுவாங்க, அது வேணாம், ரவுண்ட் பின்னுதான்னு அடிச்சு கேளுங்க.

மாட்டி ஆன் பண்ணினா நாலாவது வாய்ஸ் மத்த அஞ்ச விட சத்தமா கத்துது! கேட்க சந்தோஷமா இருந்தாலும் அத அப்படியே விட முடியாது. வாய்ஸுக்கு வாய்ஸ் தனித்தனி ட்ரிம்மர் (அளவ சரி பண்ற குட்டி திருகு) இருக்கு, சர்வீஸ் மேனுவல்படி ஒவ்வொண்ணா செட் பண்ணணும். ஆசிலோஸ்கோப் இருந்தா அத வெச்சு, இல்லாதவங்க ரெசனன்ஸ ஃபுல்லா ஏத்தி ஃபில்டரையே ஊத விட்டுட்டு ட்யூனர்ல பாருங்க, புல்லாங்குழல் மாதிரி சுத்தமா வரும், ஆறும் ஒரே சுருதியில நிக்கணும். ஃப்ரீக்வன்சி ட்ரிம்மர தொட்டா விட்த் (கீழ இருந்து மேல போறப்ப சுருதி எவ்வளவு விரியுதுங்கறது) மாறும், விட்த்த தொட்டா ஃப்ரீக்வன்சி நகரும், கீழ் ஸ்தாயி ஒரு தடவ மேல் ஸ்தாயி ஒரு தடவன்னு மாத்தி மாத்தி போய்க்கிட்டே இருக்கணும். ஆன் பண்ணி அர மணி நேரம் சூடாக விட்டுட்டு ஆரம்பிங்க, ஏசி ஓடுதா இல்லையான்னு ஒரே மாதிரி வெச்சுக்கங்க. இதுல சுருதிய உண்டாக்கற ஆசிலேட்டர் டிசிஓ, அதாவது டிஜிட்டலா கட்டுப்படுத்தற டைப், கடிகாரக் கணக்குல ஓடறதால அது அசையாது, அசையறது எல்லாம் ஃபில்டர்தான். இப்போதைக்கு ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு பக்கா. ரெண்டும் ஆறும் மேல் ஸ்தாயில இன்னும் லேசா விலகுது, அத அடுத்த வாரம் பார்க்கணும்.

கரண்ட் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன், ஜப்பான் பீஸ் வாங்கறவங்க எல்லாரும் இதுல கோட்ட விடறாங்க. இது 100 வோல்ட் மெஷின். கடையில ஸ்டெப் டவுன்னு கேட்டா 110 வோல்ட்தான் குடுப்பாங்க, நம்ம லைன்ல 240 வர்ற நேரத்துல அது கிட்டத்தட்ட 115 ஆயிடும். மெஷின் ஓடும், ஆனா உள்ள ரெகுலேட்டர் கொதிக்கும். அதனால 230க்கு 100ன்னு தனியா சுத்தச் சொல்லி வாங்கினேன், ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம ஐசொலேஷன் டைப்பா (ரெண்டு பக்கமும் தனித்தனி சுத்து) கேளுங்க, கொஞ்சம் வெயிட்டு, கொஞ்சம் வெல ஜாஸ்தி, பரவால்ல. மொதல்ல ஆர்டர் எடுத்த கடைக்காரர் 110ஐயே சுத்திக் குடுத்துட்டு "பத்து வோல்ட்ல என்ன சார் வந்துரப்போவுது"ன்னாரு, மீட்டர வெச்சு காட்டினதும் ஒண்ணும் பேசல, ஆனா அட்வான்ஸும் திரும்ப வரல.

ஸ்லைடர் கரகரப்பு இன்னும் பாக்கி. கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு இருபது முப்பது தடவ மேலயும் கீழயும் ஓட்டினதுல பாதி சரியாயிருச்சு, கட்ஆஃப் ஸ்லைடர் மட்டும் அடங்க மாட்டேங்குது. சாதா டபிள்யூடி-40ய அடிச்சுராதீங்க, அது துருவுக்கு, கான்டாக்ட் க்ளீனர்னே தனியா எழுதியிருக்கற பாட்டில்தான். இதே நீளத்துல ஸ்லைடர் நம்ம ஊர்ல எங்கயும் கெடைக்கல, ரிச்சி ஸ்ட்ரீட்ல மிக்ஸர் ஸ்லைடர் நெறைய இருக்கு, ஆனா காலு பொருந்தாது. மும்பை லேமிங்டன் ரோடு பக்கம் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, கழட்டின பீஸ ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்.

அதுக்குள்ள யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வேற மேஜைக்கு வந்துருச்சு, 1983 சரக்கு, பேட்டரி எப்ப மாத்தினதுன்னு யாருக்கும் தெரியல. பேட்டரிய எடுத்தா மெமரி அழிஞ்சுரும், அதனால அதுல இருக்கற 32 சவுண்டையும் மிடி (கீபோர்ட கம்ப்யூட்டரோட இணைக்கற வழி) மூலமா மொத்தமா டம்ப் எடுத்துட்டுதான் பேட்டரில கை வைக்கணும். ஜூனோல அந்த வசதி கெடையாது, பின்னாடி இருக்கற மிடி சுவிட்ச மூணுல வெச்சுட்டு 128 சவுண்டையும் ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கித்தான் கம்ப்யூட்டர்ல எடுத்தேன், விரல் தேஞ்சு போச்சு. டிஎக்ஸ்7 உள்ள இருக்கற பேட்டரி போர்டுலயே ஈயம் வெச்ச சிஆர்2032, அத எடுத்துட்டு ஹோல்டர் போட்டுரலாம்னு இருக்கேன். ஹோல்டர் வாங்கியாச்சு, கால் இடைவெளி ஒத்து வருமான்னு இன்னும் அளக்கல, பேக்கே பிரிக்கல.