முன்னங்காலுக்கு மூன்று கோடு

பாரிஸுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரிந்த நகரம் லா சப்பல் கடைத்தெருவும் நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் பின்கதவும்தான். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று அறைத் தோழன் சொன்னான். வெளியே குளிர், உள்ளே வெப்பமூட்டி. போனதன் உண்மைக் காரணம் அதுதான்.

கூட்டமெல்லாம் வண்ண ஓவியங்களின் பக்கம். வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா கரியால் வரைந்த பந்தயக் குதிரைகள் இருந்தன. ஒன்றின் முன்னங்காலுக்கு மூன்று கோடுகள். முதலில் போட்டதை அழிக்காமல் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் அப்பால் அழுத்தமாக மற்றொன்று. சேர்த்துப் பார்த்தால் கால் அசைந்தது. ஜாக்கிக்கு முகமே இல்லை, ஒரு கரித் தீற்றல்.

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் பிறந்தவன். வெட்டைவெளியில் மட்டக்குதிரைகள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் குதிரை வரைந்து அம்மாவிடம் அகப்பைக் காம்பால் அடியும் வாங்கியிருக்கிறேன். என் குதிரைகள் முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்கும். லூவரில் உள்ள, ஓவியர் ஜெரிக்கோவின் 1821ஆம் ஆண்டு எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்திலும் இதே பிழைதான் என்று பின்னர் அறிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் குட்டை உடைத்தன: நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். லோங்ஷாம் பந்தயத் திடலை அத்தனை முறை வரைந்த டெகா, ஐம்பது வயதுக்கு மேல், கண் மங்கிவந்த காலத்தில், மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்துக் குதிரைக்காலைப் புதிதாகப் படித்தார்.

மூக்கு கண்ணாடியில் முட்டுமளவுக்குக் குனிந்துவிட்டேன் போலும், காவலர் வந்தார். திட்டப்போகிறார் என்று பயந்து, "எங்கள் ஊரில் நிறைய ஷெவால்" என்றேன். விசா, வாடகை, சம்பளம் தவிர வேறொன்றைப் பற்றி நான் வாய்திறந்து சொன்ன முதல் பிரெஞ்சு அதுதான்.

"ஷெவோ," என்று திருத்தினார். பல குதிரைகள் என்றால் ஷெவோவாம். பிறகு, "காட்டுக் குதிரையா?" என்றார். கைகளாலேயே ஓட்டிக் காட்டினேன்.

இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, சுவரில் என் குதிரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதற்கு மேல் எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாயிற்று! நீ சாப்பிட்டாயா?" என்றார்.